கேள்வியும் தீர்ப்பும்: ஆர்கன் இசையைக் கேட்டோர் ஏன் வேறுபடுகின்றனர்?



தமிழ்மொழிக்கென அமைந்த சொற்பொழிவு வரிசையில் மேலைநாட்டுக் குழாய் ஆர்கனைப் பற்றிப் பேசுவது ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். அக்கருவி நம் மரபைச் சேர்ந்ததன்று. ஆயினும் நமக்குத் தொலைவில் இல்லை. சிங்கப்பூர் எஸ்பிளனேட் இசையரங்கில் 4,740 குழாய்கள் கொண்ட ஆர்கன் ஒன்று உள்ளது. கோலாலம்பூரின் டேவான் பில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ் அரங்கில் 2,977 குழாய்கள் கொண்ட மற்றொன்று உள்ளது. இரண்டையும் உருவாக்கியது ஜெர்மனியில் பான் நகரத்தைச் சேர்ந்த கிளைஸ் நிறுவனம். நம் பிள்ளைகள் பள்ளியிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் இத்தகைய அரங்குகளுக்குச் செல்கின்றனர். கேட்டு வந்ததைப் பற்றி அவர்கள் எந்த மொழியில் பேசுகின்றனர் என்பது மொழி மன்றத்துக்கு உரிய கவலையே.

ஆர்கன் நிகழ்ச்சி முடிந்து வெளியே வருவோரின் கருத்துகள் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. ஒருவர் கம்பீரம் என்பார். அருகில் இருந்தவரே இரைச்சல் என்பார். ஒருவர்க்குத் தெளிவாக அமைந்தது மற்றவர்க்கு வறட்சியாகப் படும். "அவரவர் சுவை அவரவர்க்கு" என்று கூறி அதை அத்துடன் விட்டுவிடுவது எளிது. அவ்வாறு விட்டுவிடலாகாது என்பதே என் கருத்து. இவ்வேறுபாடுகளுள் பலவற்றுக்குக் காரணம் உண்டு; அக்காரணத்தை எடுத்துச் சொல்ல இயலும். ஆர்கன் இசையின் வரலாற்றிலேயே அதற்குச் சான்றுகள் உள்ளன.

கருவியின் இயல்பு

முதலில் கருவியைச் சிறிது அறிந்துகொள்வோம். ஆர்கன் விசைப்பலகை உடையதாயினும் பியானோவைப் போன்றதன்று. அது காற்றுக் கருவி. விசையை அழுத்தினால் அடைப்பிதழ் திறந்து குழாய்க்குள் காற்றுச் செல்லும். விரலை எடுத்தால் ஒலி நின்றுவிடும். வீணையின் தந்தியை மீட்டினால் ஒலி மெல்ல மெல்லத் தேயும். ஆர்கனில் அந்தத் தேய்வு இல்லை. விசை அழுந்தியிருக்கும் வரை கார்வை குறையாது நிற்கும். விசையை வலிந்து அழுத்தினாலும் ஒலி பெருகாது. ஆகவே, ஒரு சுரத்தை எப்போது தொடங்குவது, எப்போது விடுவது, அடுத்த சுரத்துக்குமுன் எவ்வளவு இடைவெளி தருவது என்பவற்றிலேயே வாசிப்பவரின் திறன் பெரிதும் வெளிப்படும்.

ஒலியின் நிறத்தை மாற்றுவதற்கு ஸ்டாப் எனப்படும் குமிழ்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு குழாய் வரிசையைத் திறக்கும். ஒன்று புல்லாங்குழல் போல் ஒலிக்கும். மற்றொன்று எக்காளம் போல் முழங்கும். எவற்றைச் சேர்ப்பது என்பதைப் பல இடங்களில் இசையமைப்பாளர் எழுதி வைப்பதில்லை. யோகான் செபாஸ்டியன் பாக் தம் ஆர்கன் படைப்புகளில் இத்தகைய குறிப்புகளை மிக அரிதாகவே தந்துள்ளார். எனவே ஒரே படைப்பை இரு கலைஞர்கள் வாசிக்கும்போது, ஏட்டில் உள்ள சுரங்கள் ஒன்றாக இருந்தும், அரங்கில் எழும் ஒலி வேறாகிவிடுகிறது. கேட்போர் பலர் ஒன்றையே கேட்டதாக எண்ணி வாதிடுகின்றனர். உண்மையில் அவர்கள் ஒப்பிடுவது இரு வேறு ஒலிகளை.

பாக் காலத்துக் குற்றச்சாட்டுகள்

இக்கருத்து வேறுபாடு இன்று தோன்றியதன்று. பாக் தம் இளமையில் ஆர்ன்ஷ்டாட் நகரத் தேவாலயத்தில் ஆர்கன் கலைஞராக இருந்தார். 1705ஆம் ஆண்டின் இறுதியில் விடுப்புப் பெற்று, பூக்ஸ்டெஹூட என்னும் மூத்த கலைஞரைக் கேட்பதற்காக லூபெக் நகருக்குச் சென்றார். நான்கு வாரங்களுக்குப் பெற்ற விடுப்பு நான்கு மாதம் அளவுக்கு நீண்டது. திரும்பியபின், 1706 பிப்ரவரியில் தேவாலய நிர்வாகம் அவரை அழைத்து விசாரித்தது. சபையினர் பாடும் பாடல்களுக்கிடையே விசித்திரமான மாறுதல்களையும் பழக்கமற்ற சுரங்களையும் கலக்கிறார். அதனால் பாடுவோர் குழம்புகின்றனர் என்பது குற்றச்சாட்டு. முன்னர் மிக நீளமாக வாசித்தார். அதனைச் சுட்டிக்காட்டியபின் மிகச் சுருக்கமாக வாசிக்கிறார் என்ற குறையும் பதிவாகியுள்ளது.

இந்தப் பதிவைப் படிக்கும் நாம், மேதையை அறியாத மக்கள் என்று சபையினரைப் பழித்துவிடலாம். அது நியாயமன்று. அவர்கள் அங்கு இசை கேட்கும் அவையாக மட்டும் அமர்ந்திருக்கவில்லை, பாட வந்தவர்கள். பாடுவோர்க்குத் துணை நிற்க வேண்டிய ஆர்கன் வழிமாறினால், அடுத்த அடியைத் தொடங்குவது அவர்களுக்குக் கடினமாகும். அவர்களின் குறை பொருளுடையது. அதே வாசிப்பைத் தனி இசையாகக் கேட்பவர் வியந்திருக்கவும் கூடும்.

1720ஆம் ஆண்டில் ஹாம்பர்க் நகரில் நிகழ்ந்தது இதற்கு மறுபக்கம். அங்குப் புனித கத்தரீனா ஆலயத்தில் பாக் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வாசித்தார். ஒரே பாடலின் மெட்டை எடுத்துக்கொண்டு ஏறத்தாழ அரை மணி நேரம் கற்பனையாக விரித்தார். அவ்வாலயத்தின் முதிய கலைஞர் ரைங்கன், அழிந்துவிட்டதென்று தாம் எண்ணிய கலை பாக்கிடம் வாழ்வதைக் கண்டதாகப் பாராட்டினார் என்று பாக் மறைந்தபின் வெளிவந்த வாழ்க்கைக் குறிப்பு கூறுகிறது. ஆர்ன்ஷ்டாட்டில் நீளம் குறையாயிற்று. ஹாம்பர்க்கில் அதே நீளம் பெருமையாயிற்று. கேட்போர் எதற்காக வந்தனர் என்பது அவர்தம் தீர்ப்பின் பாதியை முன்கூட்டியே எழுதிவிடுகிறது.

1737ஆம் ஆண்டில் யோகான் அடோல்ஃப் ஷைப என்னும் விமர்சகர் தம் இதழில் எழுதியது இன்னும் கூர்மையானது. அவர் ஆர்கன் செய்யும் கைவினைஞரின் மகன். விசைக்கருவிகளில் பாக் ஈடற்றவர் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் பாக்கின் படைப்புகள் செயற்கைச் சிக்கல் மிகுந்தவை, எல்லாக் குரல்களும் ஒருங்கே உழைப்பதால் தலைமை மெட்டு மறைந்துவிடுகிறது என்று குறைகூறினார். லைப்சிக் பல்கலைக்கழகத்தில் அணியிலக்கணம் கற்பித்த பிர்ன்பாம் மறுஆண்டில் பாக்கின் சார்பில் மறுப்பு எழுதினார். குரல்கள் பல ஒன்றோடொன்று இசைந்து நடப்பதே இவ்வகை இசையின் அழகு என்பது அவர் வாதம்.

காலம் பாக்கின் பக்கமே நின்றது. எனினும் ஷைப கூறிய காரணம் இன்றும் செல்லும். ஃபியூக் என்னும் வடிவத்தில் ஒரே இசைத்தொடரைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுப் பின்னிச் செல்லும். அதனை முதன்முறை கேட்கும் ஒருவர், "மெட்டு எங்கே போயிற்று?" என்று இன்றும் கேட்கிறார். ஷைப வாசிப்பையும் படைப்பையும் பிரித்துப் பார்த்தார். குறையை இன்னதென்று சொன்னார். ஆகையால் அவருக்கு மறுமொழி கூற முடிந்தது.

இரு கலைஞர், இரு கட்சி

இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் இவ்வாதம் இரு கலைஞர்களை மையமாகக் கொண்டு வளர்ந்தது. இங்கிலாந்தில் பிறந்த இ. பவர் பிக்ஸ் பழைய முறை ஆர்கன்களை ஆதரித்தவர். ஹார்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகக் கூடத்திலிருந்து 1942 முதல் பல ஆண்டுகள் அவர் வாசித்த இசை வாராவாரம் வானொலியில் ஒலித்தது. 1958இல் ஹாலந்தின் ஃப்ளென்ட்ராப் செய்த ஆர்கன் அங்கு நிறுவப்பட்டது. விரலின் அசைவு மரச்சட்டங்களின் வழியே நேராக அடைப்பிதழைத் திறக்கும் அமைப்பு அது. அதில் ஒவ்வொரு குரலும் தனித்துக் கேட்கும்.

மறுபுறம் வர்ஜில் ஃபாக்ஸ். நியூயார்க் ரிவர்சைடு தேவாலயத்தின் மாபெரும் ஆர்கனில் ஒலியை அலையலையாகப் பெருக்கியும் தணித்தும், ஒரு வாத்தியக் குழுவின் நிறங்களையெல்லாம் அதில் எழுப்பியும் வாசித்தவர். பாக்கின் இசையை அருங்காட்சியகப் பொருளாக்கலாகாது என்பது அவர் கொள்கை. 1970 டிசம்பரில், ராக் இசைக்குப் பெயர்பெற்ற ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில், மின்னணு ஆர்கனும் வண்ண ஒளிக்காட்சியும் கொண்டு பாக்கின் படைப்புகளை வாசித்தார். இளைஞர் கூட்டம் ஆரவாரித்தது. அறிஞர் பலர் முகம் சுளித்தனர்.

இவ்விருவரில் யார் சரி என்று கேட்பதைவிட, யார் எதனைக் காத்தார் என்று கேட்பது பயன்தரும். பிக்ஸ் காத்தது பின்னலின் தெளிவு. ஃபாக்ஸ் காத்தது கேட்போரை ஆட்கொள்ளும் ஆற்றல். தெளிவுக்காக வந்தவர் ஃபாக்ஸிடம் பின்னல் கலங்குவதாக உணர்வார்; உருக்கத்துக்காக வந்தவர் பிக்ஸிடம் குளிர்ச்சியை உணர்வார். இருவர் கூற்றும் உண்மையாகலாம்.

இடமும் நினைவும்

ஆர்கனைக் கேட்பதில் கட்டடத்துக்கும் பெரும் பங்குண்டு. கல்லால் எழுந்த பேராலயத்தில், விசையை விட்டபின்னும் ஒலி பல வினாடிகள் நின்று முழங்கும். தற்கால இசையரங்குகளில் அந்த எதிர்முழக்கம் இரண்டு வினாடி அளவில் அடங்கிவிடும். பேராலயத்தில் விரைந்து வாசித்தால் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்; அரங்கில் மிக மெல்ல வாசித்தால் இசை தளரும். ஒலிப்பதிவில் கேட்டுப் பழகியவர் நேரில் கேட்கும்போது "வேகம் தவறு" என்கிறார். வேகம் அந்த இடத்துக்குப் பொருந்தியதாக இருக்கலாம்.

நினைவும் குறுக்கிடும். பாக்கின் பெயரால் வழங்கும் டி மைனர் டொக்காட்டாவும் ஃபியூக்கும் திகில் படங்களில் பலமுறை ஒலித்ததால், அதன் தொடக்கம் கேட்டவுடன் பலர்க்கு அச்சமோ நகைப்போ எழுகிறது. அதன் மூல ஏடு பாக்கின் கையெழுத்தில் கிடைக்கவில்லை. அது அவர் படைப்புத்தானா என்று ஐயுறும் அறிஞரும் உளர். ஆசிரியர் பெயரை மறைத்துவிட்டால் நம் மதிப்பீடு மாறுமா என்பது எண்ணத்தக்கது.

நம் செவியும் நம் சொல்லும்

நமக்கும் இத்தகைய வழக்கு உண்டு. ஆர்மோனியத்தில் கமகம் பிடிக்க இயலாது, சுரங்கள் அசையா நிலையில் நிற்கின்றன என்ற குறை நெடுங்காலம் பேசப்பட்டது. 1940இல் அகில இந்திய வானொலி அக்கருவியை விலக்கியது. தமிழ் நாடக மேடையோ அதைப் போற்றி வளர்த்தது. கமகத்தில் ஊறிய செவி ஆர்கனையும் முதலில் அதே குறையுடன்தான் அணுகும். அது இழுக்கன்று. "இதில் சுரம் அசைவதில்லை, ஆனால் நான்கு குரல்கள் ஒருங்கே நடக்கின்றன" என்று சொல்லத் தெரிந்தால், அந்தச் செவி இரண்டு மரபுகளையும் அறிந்ததாகும்.

அவ்வாறு சொல்வதற்குத் தமிழில் சொல் இல்லை என்பார் கூற்றை நான் ஏற்கவில்லை. கார்வை, காலப்பிரமாணம், நடை, சுருதிசுத்தம் ஆகியவை நம் கச்சேரிகளில் நாள்தோறும் வழங்குவன. ஒலிநிறம், எதிர்முழக்கம், பின்னல் போன்றவற்றை எளிதில் வழக்கத்துக்குக் கொண்டுவரலாம். குறை சொல்வளத்தில் இல்லை, பழக்கத்தில் உள்ளது. நம் இதழ்களிலும் விழாக்களிலும் இசை பற்றிய பேச்சு "அருமை", "அற்புதம்" என்பனவற்றோடு முடிந்துவிடுகிறது. காரணம் கூறி மாறுபட வேண்டிய இடம் வந்தால் இளைஞர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகின்றனர். வாழ்த்துவதற்கு மட்டும் பயன்படும் மொழி நாளடைவில் மேடைக்கும் மணவறைக்கும் உரியதாகச் சுருங்கும் என்று அஞ்சுகிறேன்.

தமிழில் "கேள்வி" என்னும் சொல் செவியால் கேட்பதையும் குறிக்கும், வினவுவதையும் குறிக்கும். இனி நம் பிள்ளைகளோ நண்பர்களோ ஓர் இசை நிகழ்ச்சியிலிருந்து திரும்பினால், "நன்றாக இருந்ததா?" என்பதற்குமுன், "என்ன கேட்டாய்?" என்று தமிழில் வினவுங்கள். எந்தக் குரல் மேலோங்கியது, எங்கே நடை தளர்ந்தது, எந்த இடத்தில் அமர்ந்திருந்தாய் என்று தொடருங்கள். உடன்படாவிட்டால் காரணம் கேளுங்கள். உங்கள் காரணத்தையும் கூறுங்கள்.