தாலி விலங்கு ஆகலாமா?

(டெங்கிலில் நடைபெற்ற குடும்பநலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோயில் மேடையில் கொலையைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். தாலி ஏறுவது இங்கேதான். வீட்டில் தகராறு என்றால் முதலில் தேடி வருவதும் கோயில் பெரியவர்களைத்தான். அப்படியிருக்க, இதைப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

1995 ஜூலை 2ஆம் தேதி இரவு டில்லியில் நடந்ததை உங்களில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். டில்லி இளைஞர் காங்கிரஸ் தலைவராக இருந்த சுசில் சர்மா தம் மனைவி நைனா சாஹ்னியைச் சுட்டுக் கொன்று, உடலை ஓர் உணவகத்தின் தந்தூர் அடுப்பில் எரிக்க முயன்றார். அடுப்பைப் பற்றி ஊரே பேசியது. அதற்கு முந்திய நாட்களைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்? அந்தத் திருமணத்தை வெளியுலகுக்கு அறிவிக்க அவர் விரும்பவில்லை. மனைவியின் மேல் ஓயாத சந்தேகம். அவரோ இந்தியாவை விட்டு ஆஸ்திரேலியா செல்ல வழி தேடிக்கொண்டிருந்தார் என்பது வழக்கில் வந்த செய்தி. 2003இல் விதிக்கப்பட்ட மரண தண்டனையை உச்ச நீதிமன்றம் 2013இல் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. கசந்துபோன தனிப்பட்ட உறவின் விளைவு இது, சமுதாயத்திற்கு எதிரான குற்றம் அல்ல என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அன்பர்களே, "புருஷன் பெண்டாட்டி விஷயம்" என்று நாம் அன்றாடம் சொல்லி ஒதுங்குகிறோமே, அதே எண்ணம்தான் அங்கேயும் நிற்கிறது.

"ஏதோ கோபத்தில் செய்துவிட்டான்" என்கிறோம். இங்கிலாந்தில் முன்னாள் காவல் அதிகாரியும் பேராசிரியையுமான ஜேன் மாங்க்டன் ஸ்மித் 372 கொலைகளை ஆராய்ந்து, 2019இல் வெளியிட்ட முடிவு வேறு. இவை திடீரென்று நடப்பவை அல்ல; எட்டுப் படிகளாக வளர்பவை என்கிறார் அவர். கட்டுப்படுத்துவது ஒரு படி. பிரிவு பெரும்பாலும் அதைத் தூண்டிவிடும் படி. திட்டமிடுவது கடைசிக்கு முந்திய படி.

அந்தக் கட்டுப்பாடு எப்படித் தொடங்குகிறது? அடியோடு தொடங்குவதில்லை. "அந்தச் சேலை வேண்டாம்" என்பான். "உன் அக்கா வீட்டுக்கு ஏன் அடிக்கடி போகிறாய்?" என்பான். கைப்பேசியை வாங்கிப் பார்ப்பான். சம்பளப் பணத்தையும் அடையாள அட்டையையும் தன் கையில் வைத்துக்கொள்வான். வேலை முடிந்து பத்து நிமிடம் தாமதமானால் விசாரணை நடக்கும். பார்ப்பவர்கள், "அவ்வளவு பாசம் அவனுக்கு" என்று மெச்சுவார்கள். பாசம் கணக்குக் கேட்காது. கணக்குக் கேட்பது உடைமை உணர்ச்சி. கழுத்தில் கை வைத்து நெரித்தான் என்று ஒரு பெண் சொன்னால், அது மிகப் பெரிய அபாய அறிகுறி. இத்தகைய அறிகுறிகளை எடைபோடும் வினாப் பட்டியலை அமெரிக்க செவிலியர் துறைப் பேராசிரியை ஜாக்குலின் கேம்ப்பெல் 1985இலேயே வகுத்தார்.

நம் டெங்கிலுக்கு வருவோம். புத்ராஜெயா எழுந்தபோது பிராங் புசார், காலவே, மெடிங்லி, செட்ஜ்லி தோட்டத்துக் குடும்பங்கள் இங்கே தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்தன. லயத்து வீட்டில் ஒரு பாத்திரம் விழுந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அடிதடி அங்கேயும் இருந்தது; ஆனால் ஓடி வந்து கதவைத் தட்டவும் ஆள் இருந்தது. அடுக்குமாடியில் கதவு சாத்தினால் சாத்தியதுதான். நமக்கும் கேட்டும் கேளாதது போல் இருக்கப் பழகிவிட்டது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. பெண்கள் இயக்கங்கள் பல ஆண்டுகள் போராடிப் பெற்ற 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் 1996 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. பின்னர் வந்த திருத்தங்கள் மனத்தைப் புண்படுத்தும் கொடுமையையும் சேர்த்தன. 2018 முதல், சமூகநல அதிகாரியே 7 நாட்களுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்கலாம். அதற்குப் போலீஸ் புகார் முதலில் இருக்க வேண்டும் என்பதில்லை. பின்தொடர்ந்து துன்புறுத்துவது 2023 மே 31 முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அண்டை வீட்டாரும் புகார் தரலாம். நல்லெண்ணத்தோடு தருபவரைச் சட்டம் காக்கும். தாலியான் காசே 15999 என்ற எண்ணை ஒவ்வொரு வீட்டிலும் எழுதி வையுங்கள்.

இப்போது பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒரு பெண் நம்மிடம் வந்து அழுதால், "பொறுத்துப் போம்மா, பிள்ளைகள் முகத்தைப் பார்" என்று திருப்பி அனுப்பாதீர்கள். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பஞ்சாயத்துப் பேசாதீர்கள். அவன் முன்னால் அவளால் உண்மையைச் சொல்ல முடியாது. அவள் எங்கே தங்கியிருக்கிறாள் என்று கணவனிடம் சொல்லாதீர்கள். "சேர்த்து வைக்கிறோம்" என்ற நல்ல எண்ணத்தில் சொன்னாலும் ஆபத்துதான். அவள் விலகிப் போகும் நேரமே உயிருக்கு மிகவும் ஆபத்தான நேரம். போலீஸ் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் துணைக்குச் செல்லுங்கள்.

இளைஞர்களே, நண்பன் மனைவியை வேவு பார்ப்பதாகப் பெருமை பேசினால் சிரிக்காதீர்கள். "இது தப்புடா" என்று ஒருவன் சொன்னாலும் அது அவன் காதில் நிற்கும்.

நன்கொடையாளர்களே, அன்னதானம் செய்கிறீர்கள், கல்விக்குக் கொடுக்கிறீர்கள். ஒரு தாயும் பிள்ளைகளும் நள்ளிரவில் வெளியேற டாக்ஸிப் பணமும், புதிய அறைக்கு முன்பணமும் தேவைப்படும். அதற்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். இதுவும் உயிர் காக்கும் அறமே.

நம் திருமணத்தில் அக்கினியைச் சுற்றி வைக்கும் ஏழாவது அடி நட்புக்கு உரியது. தோழியைக் காவல் காப்பவன் உண்டா? அர்த்தநாரீசுவரராக நாம் வணங்கும் வடிவில் ஒரு பாதி மற்ற பாதியைப் பூட்டி வைப்பதில்லை. இதை நம் பிள்ளைகளுக்குத் திருமணத்துக்கு முன்பே சொல்லிக் கொடுப்போம்.