ஆராய்ச்சி முடிவுகளும் அவற்றின் பரிசீலனையும்

(ஆய்வு மாணவர்களும் அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் வடிவம்)

அச்சேறிய ஆராய்ச்சிக் கட்டுரைக்குத் தனி மதிப்பு உண்டு. அதன் முடிவு ஓர் அலுவலகக் குறிப்பில் ஒரு வரியாக இடம்பெற்றுவிட்டால், பின்னர் அதை எவரும் எளிதில் கேள்விக்கு உள்ளாக்குவதில்லை. அம்முடிவைத் திருத்தி வேறோர் ஆய்வாளர் சில ஆண்டுகளுக்குப் பின் எழுதியிருக்கக் கூடும். ஆனால் அந்தத் திருத்தம் கோப்பினுள் நுழைவது அரிது. நிலச் சீர்திருத்தம் போன்ற துறைகளில் இதன் விளைவு சிறியதன்று. நம் நாட்டிலேயே நிகழ்ந்த ஒரு நீண்ட விவாதம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

1954ஆம் ஆண்டு தொடங்கி மத்திய உணவு, விவசாய அமைச்சகத்தின் ஆதரவில் பல மாநிலங்களில் பண்ணை நிர்வாக ஆய்வுகள் நடைபெற்றன. உத்தரப் பிரதேசத்தில் மீரட், முசாபர்நகர் மாவட்டங்களும், பஞ்சாபில் அமிர்தசரஸ், பெரோஸ்பூர் மாவட்டங்களும், அன்றைய சென்னை மாநிலத்தில் சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்களும் அவற்றில் இடம்பெற்றன. அந்த அறிக்கைகளை அடிப்படையாகக் கொண்டு, 1962இல் 'எக்கனாமிக் வீக்லி' இதழில் அமர்த்தியா சென் ஒரு சிறு கட்டுரை எழுதினார். பண்ணையின் பரப்பு கூடக்கூட ஏக்கருக்குக் கிடைக்கும் விளைச்சலின் மதிப்பு குறைகிறது என்பது அதில் சுட்டப்பட்ட செய்திகளுள் ஒன்று. இதற்கு அவர் தந்த விளக்கம் எளிமையானது. பெரிய பண்ணையாளர் கூலி கொடுத்து ஆள் வைக்கிறார். கூடுதலாக வைக்கும் ஆளால் கிடைக்கும் பலன் கூலிக்குக் குறையுமானால் அவர் நிறுத்திக்கொள்வார். சிறு விவசாயியின் குடும்பத்தாருக்கோ வேறு வேலை இல்லை. எனவே அவர்கள் அந்த எல்லையைக் கடந்தும் தம் நிலத்தில் உழைக்கின்றனர்.

நில உச்சவரம்பை ஆதரித்தோருக்கு இம்முடிவு பெரிதும் உதவிற்று. நிலத்தைப் பங்கிட்டால் நீதி கிடைக்கும் என்பதோடு உற்பத்தியும் பெருகும் என்று கூற முடிந்தது. உச்சவரம்பைக் குறைக்கும் தேசிய வழிகாட்டு நெறிகள் 1972இல் வகுக்கப்பட்ட காலத்திலும் இவ்வாதம் அடிக்கடி கேட்கப்பட்டது.

ஆனால் அதற்கு முன்பே, 1968இல், அசோக் ருத்ரா ஓர் அடிப்படைக் கேள்வியை எழுப்பியிருந்தார். அறிக்கைகளில் அச்சான அட்டவணைகள் தனித்தனிப் பண்ணைகளைக் காட்டுவன அல்ல. ஐந்து ஏக்கருக்குள், ஐந்து முதல் பத்து வரை என்றவாறு பண்ணைகளை அளவு வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு சராசரியைத் தருவன. ஐந்தாறு சராசரிகளை வரிசைப்படுத்தினால் ஒழுங்கான சரிவு தோன்றுவதில் வியப்பில்லை. ஒரே வகுப்பினுள் ஒரு பண்ணைக்கும் இன்னொன்றுக்கும் உள்ள பெரும் வேறுபாடு அந்தச் சராசரியில் மறைந்துவிடும். ருத்ரா தனிப்பட்ட பண்ணைகளின் விவரங்களைக் கிராமம் கிராமமாக எடுத்துக்கொண்டு பார்த்தபோது, பொது விதி என்று கூறத்தக்க உறவு எதுவும் அவருக்குத் தென்படவில்லை.

கிராமம் கிராமமாகப் பார்ப்பதன் தேவை சற்று விளக்கத்துக்கு உரியது. பாசனமும் வளமும் மிக்க கிராமத்தில் மக்கள் நெருக்கம் கூடுதல். அங்கே பண்ணைகள் சிறுத்துவிடும். மானாவாரிக் கிராமத்தில் நிலவுடைமை பரந்திருக்கும், விளைச்சல் குறைவு. இவ்விரண்டையும் ஒரே அட்டவணையில் சேர்த்தால், சிறு பண்ணையே கூடுதலாக விளைவிக்கிறது என்ற தோற்றம் பிறக்கும். உண்மையில் விளைவித்தது தண்ணீராக இருக்கலாம். கோவை மாவட்டத்தில் கிணற்றுப் பாசனத் தோட்டத்தையும் அருகே உள்ள புன்செய்க் காட்டையும் கண்டவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

விமர்சனமும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதன்று. பண்ணை நிர்வாக ஆய்வுகளின் தனிப் பண்ணை விவரங்களையே கொண்டு ஜி.ஆர். சைனி கணக்கிட்டபோது, பல இடங்களில் எதிர்மறை உறவு மீண்டும் தலைகாட்டியது. 1974இல் கிருஷ்ணா பரத்வாஜ் அதே ஆய்வுகளை வேறு கோணத்தில் அலசினார். பயிர்வாரி விளைச்சலில் அந்த உறவு அவ்வளவு ஒழுங்காக இல்லை. ஏக்கருக்குச் செலுத்தப்படும் உழைப்பில்தான் அது தெளிவாக இருந்தது. ஆக, 'விளைச்சல்' என்ற ஒரே சொல்லால் எது அளக்கப்பட்டது என்பதே பிரச்சினையின் மையமாயிற்று. ஆண்டுக்கு இருமுறை பயிரிடும் சிறு விவசாயி, எந்த ஒரு பயிரிலும் மற்றவரை விஞ்சாமலே ஏக்கருக்குக் கூடுதல் மதிப்பைக் காட்ட முடியும்.

இவ்விவாதத்தின் சிறந்த கட்டம் 1980இல் வந்தது. ருத்ராவும் சென்னும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினர். எதிர்மறை உறவு நாட்டின் சில பகுதிகளில், சில காலங்களில் பொருந்தும். எங்கும் எப்போதும் பொருந்தாது என்ற அளவில் அவர்கள் உடன்பட்டனர். முதற்கட்டுரை பொய்யாகிவிடவில்லை, அதன் ஆட்சி எல்லை சுருங்கிற்று. நல்ல விமர்சனம் பெரும்பாலும் செய்வது இதைத்தான். கட்டுரையாளரின் உள்நோக்கத்தை ஆராய்வதும், முடிவு தமக்கு உவப்பாக இல்லை என்பதற்காகக் குறை தேடுவதும் விமர்சனம் ஆகா. உச்சவரம்பை எதிர்த்த சிலர் ருத்ராவைத் துணைக்கு அழைத்தது அவருக்குச் செய்த அநீதியேயாகும். நிலப் பங்கீட்டுக்கு நீதியின் அடிப்படை தனியே இருந்தது.

சில வேளைகளில் தவறு மிக எளியதாகவும் இருக்கும். கடன் சுமைக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பு பற்றி அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் இருவர் 2010இல் வெளியிட்ட கட்டுரை, பல நாடுகளில் செலவுக் குறைப்புக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. 2013இல் அவர்களின் கணக்குத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, சராசரி காணும் சூத்திரத்தில் 5 நாடுகள் விடுபட்டிருந்தது தெரிந்தது. இந்தத் தவற்றையும், வேறு சில கணக்கு முறைகளையும் மாற்றிப் பார்த்தபோது, மிகுந்த கடன் கொண்ட நாடுகளின் சராசரி வளர்ச்சி -0.1 சதவீதத்திலிருந்து 2.2 சதவீதமாக மாறியது. கணக்குத் தாளைக் கொடுக்க ஆசிரியர்கள் மறுக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

பண்ணை அளவு பற்றிய கேள்வி இன்னும் முடியவில்லை. எத்தியோப்பியப் புள்ளிவிவரங்களைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வில், விவசாயி வாய்மொழியாகக் கூறிய விளைச்சலை எடுத்துக்கொண்டபோது எதிர்மறை உறவு வலுவாக இருந்தது. பயிர் அறுவடைப் பரிசோதனையில் கிடைத்த அளவை எடுத்துக்கொண்டபோது அது மறைந்தது. நம் நாட்டில் 1950களில் நடந்த ஆய்வுகளில் இரண்டு முறைகள் கையாளப்பட்டன: ஆய்வாளர் கிராமத்திலேயே தங்கி நாள்தோறும் கணக்கு எழுதியது ஒன்று, அவ்வப்போது சென்று விசாரித்துக் குறித்துக்கொண்டது மற்றொன்று. கோப்பில் உள்ள எண் இவற்றுள் எந்த முறையில் பெறப்பட்டது என்பதை, அதை மேற்கோள் காட்டும் அலுவலர் அறிக்கையின் முதல் அத்தியாயத்தைப் புரட்டினாலே அறிந்துகொள்ளலாம்.