எழுத்தாகி நிற்கும் குழந்தைகள்

சின்னஞ்சிறு குழந்தைகளுக்குக் கிரேக்க பாஷையை விளையாட்டாகக் கற்பிக்கும் முறைகளைப் பற்றிப் பேசும்படி வானொலி நிலையத்தார் என்னைப் பணித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலுள்ள மெல்போர்ன் நகரத்தில், கிரேக்கக் குடும்பத்துப் பிள்ளைகள் பயிலும் ஒரு சனிக்கிழமைப் பள்ளியில் பாலர் வகுப்பைக் கவனிக்கும் பணி எனக்கு வாய்த்திருப்பதால், சாஸ்திரங்களில் சொல்லியிருப்பதைக் காட்டிலும் அந்த வகுப்பறைத் தரையில் கண்டதையே அதிகமாகச் சொல்லப் போகிறேன், பொறுத்தருள வேண்டும்.

அந்நகரத்துக் கிரேக்கர்கள் 1897-ஆம் ஆண்டிலேயே தங்களுக்கென்று ஒரு சமூக ஸ்தாபனத்தை ஏற்படுத்திக்கொண்டவர்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்னர் கப்பல் கப்பலாக வந்து இறங்கியவர்களால் அந்தச் சமூகம் பல்கிப் பெருகியது. அவ்வாறு வந்தவர்களின் பேரக்குழந்தைகளும் கொள்ளுப்பேரக்குழந்தைகளும், 'யாயா' என்று தாங்கள் அழைக்கும் பாட்டி கிரேக்கத்தில் கேட்பதையெல்லாம் ஒன்று விடாமல் புரிந்துகொண்டு, பதிலை மட்டும் இங்கிலீஷில் சொல்லிவிட்டு ஓடிப் போகிற சுபாவம் உடையவர்கள். வாரத்தில் ஐந்து நாளும் பள்ளிக்குப் போய்வந்த அலுப்போடு, சிநேகிதர்களெல்லாம் பந்தாடப் போயிருக்கும் சனிக்கிழமைக் காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து உட்காரும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு முன்னால் இலக்கணப் புத்தகத்தை விரிப்பது, என் அபிப்பிராயத்தில், பாவ காரியம்.

அப்பிள்ளைகளுக்கு முதல் சங்கடம் அக்ஷரங்களில்தான். வாரநாட்களில் 'பி' என்று படித்த உருவம் இங்கே 'ரோ' ஆகி ரகர ஓசை தருகிறது. 'எச்' என்று எழுதிய உருவம் 'ஈத்தா' என்னும் உயிரெழுத்தாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, 'இ' என்னும் ஒரே ஓசைக்கு மூன்று தனியெழுத்துகளும், அவை போதாவென்று சில இரட்டையெழுத்துகளும் இருக்கின்றன. பலகையில் எழுதிக்காட்டினால் பழைய ஞாபகமே முந்திக்கொள்கிறது. ஆகவே, எழுத்தைக் கையால் எழுதுமுன் உடம்பால் எழுதச் செய்வது என்று தீர்மானித்து, மேசைகளைச் சுவரோரம் தள்ளினேன்.

இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி முழங்கைகளை அகற்றி நின்றால் அந்தக் குழந்தை 'ஃபி'. முழங்கைகளை மடக்கிக் கைகளை மேலே தூக்கினால், தலையே நடுக்கோடாகிவிட, அது 'ப்ஸி'. இருவர் எதிரெதிரே நின்று உள்ளங்கைகளைச் சேர்த்துச் சாய்ந்துகொண்டால் 'லாம்தா'. அவர்கள் காலடியில் இன்னொரு பிள்ளை நீட்டிப் படுத்துவிட்டால் அதுவே 'தெல்தா'. 'க்ஸி' என்ற எழுத்துக்கோ மூவர் தரையில் ஒருவருக்குக் கீழ் ஒருவராகப் படுக்கவேண்டும், அதில் நடுக்கோடு மற்ற இரண்டையும்விடக் குட்டை என்பதை நான் சொல்ல எடுத்துக்கொள்வதற்குள், எந்த வரிசையிலும் கடைசியில் நிறுத்தப்படும் மிகச் சிறிய பெண்ணொருத்தி, "நடுவிலே நான்தான்!" என்று கூவிக்கொண்டு ஓடிவந்து படுத்துவிட்டாள். அன்று முதல் அந்த இடம் அவளுடையது. உயரமான பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சியும் அவள் விட்டுக்கொடுத்ததில்லை.

எழுத்துகள் வசமானதும் சொல்லுக்குப் போவோம். ரொட்டிக்குக் கிரேக்கத்தில் 'ப்ஸொமி' என்று பெயர், நான்கே எழுத்து. ப்ஸிக்கு ஒருவன், கைகளைத் தலைக்குமேல் வளையமாக வளைத்துப் பாதங்களைப் பக்கவாட்டில் திருப்பி நிற்கும் ஒருத்தி ஒமேகா, 'மி' என்னும் எழுத்துக்கு நால்வர் சாய்ந்து நிற்கவேண்டியிருப்பதால் அங்கே சற்றுத் தள்ளுமுள்ளு நடக்கும், கடைசி எழுத்தான யோத்தாவுக்கோ சும்மா விறைத்து நின்றால் போதுமாகையால், சோம்பேறிகள் அனைவரும் அதற்கே போட்டியிடுவார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் சொல்லை உரக்கப் படித்த மறுகணம், பையிலிருந்து மெய்யான ரொட்டியை எடுத்துத் துண்டு போட்டுத் தருவேன். ஒரு சனிக்கிழமை, ஒரு பையனுடைய யாயா வாசலில் என்னை மறித்து, தன் பேரன் ராச்சாப்பாட்டின்போது நாற்காலிமேல் ஏறிக் கைகளைத் தூக்கிக்கொண்டு ப்ஸியாக நிற்கிறான் என்றும், ரொட்டியைக் கையில் கொடுக்கிறவரை இறங்க மறுக்கிறான் என்றும் முறையிட்டார். முறையீட்டுக்கிடையே, இப்போதெல்லாம் 'ப்ஸொமி' என்று வாய் திறந்தும் கேட்கிறானென்று அவர் தெரிவித்ததை நான் குறித்துக்கொண்டேன்.

இந்த உபாயம் என் சொந்தக் கற்பனையென்று நேயர்கள் எண்ணிவிடக்கூடாது. கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸில் வாழ்ந்த கல்லியாஸ் என்னும் நாடகாசிரியர், 24 எழுத்துகளையும் பாத்திரங்களாக்கி ஒரு நாடகம் இயற்றினாரென்றும், அதில் பாடற்குழுவினர் ஒவ்வொரு மெய்யையும் ஏழு உயிர்களோடும் வரிசையாகக் கூட்டிப் பாடினரென்றும் அதெனேயஸ் என்ற பிற்கால ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். நம் உயிர்மெய் வரிசையை மேடையேற்றிப் பாட்டாகப் பாடினால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! இன்னும் விசித்திரமான சரித்திரம் ஒன்றுண்டு. அக்ரோபொலிஸ் குன்றின் அடிவாரத்தில் சங்கீதக் கச்சேரிகளுக்குப் பேர்போன கல்லரங்கைக் கட்டிய ஹெரோதெஸ் அத்திக்குஸ் என்ற மகா தனவந்தர், தம் புதல்வனுக்கு எழுத்துகள் மனத்தில் தங்காததைக் கண்டு வருந்தி, அவன் வயதொத்த 24 சிறுவர்களை அவனோடு சேர்த்து வளர்த்து, ஆளுக்கொரு எழுத்தைப் பெயராக இட்டாராம். கூப்பிட வேண்டுமென்றால் எழுத்து தெரிந்தாக வேண்டும்! 'க்ஸி' என்றும் 'ப்ஸி' என்றும் பெயர் தாங்கி வளர்ந்த அந்தச் சிறுவர்களின் மனோபாவத்தை எவரும் எழுதி வைக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். தனவந்தருக்கு 24 பிள்ளைகளை வைத்துப் போஷிக்க முடிந்தது. எனக்கோ ஒரே பிள்ளை காலையில் ஃபியாகவும் மத்தியானத்தில் தெல்தாவாகவும் மாறித் தரவேண்டியிருக்கிறது.

கடிகாரத்தைப் பார்த்தால் பேச எண்ணியிருந்தவற்றில் பாதிக்குமேல் நின்றுபோகும் போலிருக்கிறது. எண்களுக்கு மட்டும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஈஸ்டருக்கு முந்திய நோன்புக்காலத்தில், மாவும் உப்பும் தண்ணீரும் பிசைந்தோ, காகிதத்தில் கத்தரித்தோ, 'கீரா சரகோஸ்தி' என்னும் ஓர் அம்மாளைக் கிரேக்கக் குடும்பங்களில் செய்வார்கள். நோன்பிருப்பவளாகையால் அவளுக்கு வாய் கிடையாது; பிரார்த்தனைக்காகக் கைகளைக் கட்டியிருப்பாள்; ஏழு வாரங்களுக்கு ஏழு கால்கள். சனிக்கிழமைதோறும் ஒரு காலை வெட்டிவிட்டு, மிச்சத்தை எண்ணவேண்டும். எங்கள் வகுப்பும் சனிக்கிழமையே கூடுவதால் இதைவிட வசதியான கணக்கு வேறில்லை. கத்தரிக்கோல் யாருக்கு என்பதில்தான் வாரந்தோறும் வழக்கு. ஒற்றைக் கை மிக நீண்ட கூனனாகிய கராகியோசிஸ் வெள்ளைத் திரைக்குப் பின்னால் ஆடும் நிழற்பொம்மை ஆட்டத்தையும், சொல்லின் அழுத்தம் விழும் அசையில் பந்தைத் தட்டி எழுப்பும் விளையாட்டையும் விவரிக்க இன்னொரு சமயம் வாய்க்குமென்று நம்புகிறேன். அதற்குள் இவற்றைச் செய்து பார்க்க விரும்புவோர் மேசைகளை நகர்த்தத் தயங்க வேண்டாம். ஆனால் மெல்போர்னில் ஜூன், ஜூலை மாதங்களில் தரை சில்லிட்டுப் போயிருக்குமாதலால், 'க்ஸி' எழுதுமுன் மறவாமல் ஒரு ஜமக்காளத்தை விரித்துவிடுங்கள்.