பழைய டீசல் வண்டியைப் பேணும் முறை

திருகோணமலைக்கு வருவோர் சீனக்குடாவிற் காட்டினூடே நிற்கும் பெரிய எண்ணெய்த் தாங்கிகளைக் கண்டிருப்பர். பிரித்தானியக் கடற்படைக்கெனக் கட்டப்பெற்ற அவற்றுள் ஒன்று, 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானத் தாக்குதலின்போது எரிந்து அழிந்தது. எத்துணைப் பெரிய கப்பலாயினும் எண்ணெயின்றி அசையாது என்பதற்கு அத்தாங்கிகள் சான்று பகர்கின்றன. நிலாவெளிக் கரையில் மீனும் தம்பலகாமத்தில் நெல்லும் ஏற்றும் சிறிய பிக்கப் வண்டிக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டிலேதான் அது மீண்டும் பரவலாக அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திற் பழைய வண்டிகளே பல குடும்பங்களுக்குச் சோறு போட்டன. இன்றும் கடன்பட்டுப் பழைய வண்டி வாங்குவோர் பலர். வண்டி ஒரு வாரம் கராஜில் நின்றால், வீட்டில் அடுப்பெரிவது கடினமாகிவிடும்.

பழைய வண்டியை வாங்குபவருக்கு அதன் முன்னைய வரலாறு தெரியாது. ஆகவே, வாங்கியதும் எல்லா எண்ணெய்களையும் மாற்றிவிடுவதே விவேகம். மாற்றிய திகதியையும் ஓடிய கிலோமீற்றரையும் ஒரு கொப்பியிற் குறித்துவைத்தல் வேண்டும்.

முதலாவது என்ஜின் ஒயில். ருடோல்ஃப் டீசல் என்னும் அறிஞர் 1897ஆம் ஆண்டில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய யந்திரத்தில் தீப்பொறிக்கு வேலையில்லை. காற்றை மிகவும் அழுத்தி, அவ்வெப்பத்தினாலேயே எரிபொருளை எரியச் செய்கிறது அது. அதனாற் கரி மிகுதியாக உண்டாகும். புதிய ஒயில் சில நாளிற் கறுத்துவிடுவதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. கரியைத் தன்னுள் தாங்கிக்கொள்வதும் அதன் பணியே. பாற்கோப்பி போல வெளிறியிருந்தாலோ நீர் கலந்துவிட்டது என்று பொருள்; அவ்வண்டியை ஓட்டலாகாது. அளவு பார்க்கும்போது வண்டி சமதரையில் நிற்கவேண்டும். யந்திரத்தை நிறுத்திச் சில நிமிடம் கழியவேண்டும். அளவுக்கோலின் இரு குறிகளுக்கிடையே ஒயில் நிற்பதே முறை. குறைவு தீது, மிகுதியும் தீது.

இரண்டாவது றேடியேற்றர் நீர். கடலோரக் கிணறுகளின் உவர்நீரை ஊற்றினால், உப்புப் படிந்து குழாய்கள் அடைபடும், உலோகம் துருப்பிடிக்கும். வடித்த நீரும் கூலன்டும் சமபங்காகக் கலந்த கலவையே பொதுவாக ஏற்றது. நமது நாட்டில் உறைபனி இல்லையே என்று சிலர் கேட்பர். துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் இங்கே அதன் பயன். யந்திரம் சூடாயிருக்கையில் மூடியைத் திறத்தல் கூடவே கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும்.

மூன்றாவது பிறேக் ஒயில். உயிர் காப்பது இதுவே. இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 என்னும் வகை புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியசு வரை கொதியாது. ஈரம் ஏறியபின் 140 பாகையளவிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகும், மிதி தாழ்ந்துபோகும், வண்டி நிற்காது. பாரத்துடன் கந்தளாய் வழியே இரவிற் செல்பவர் முன்னே யானை குறுக்கிட்டால் என்ன நேரும்? துறைமுகத்தின் ஈரக்காற்றில் ஓடும் வண்டிக்கு இரண்டாண்டுக்கொரு முறை இதனை மாற்றுவது செலவன்று, காப்பு.

நான்காவதைப் பலர் மறந்துவிடுகின்றனர். மீனோ வலையோ ஏற்றும்போது சிலர் வண்டியைக் கடலலைக்குள்ளேயே பின்னோக்கி இறக்குவர். ஓடிவந்த சூட்டிலிருக்கும் பின் அச்சுப்பெட்டி தண்ணீர் பட்டதும் சட்டெனக் குளிரும். உள்ளேயுள்ள காற்றுச் சுருங்கும். சுவாசத்துளை வழியாகவும் தேய்ந்த சீல்கள் வழியாகவும் உப்புநீர் உள்ளே இழுக்கப்படும். வெளியே எவ்வளவு கழுவினாலும் உள்ளே புகுந்த உப்பு போகாது. அங்குள்ள ஒயில் வெளிறியிருந்தால் உடனே மாற்றவேண்டும். அச்சு மூழ்கும்படி வண்டியை இறக்காதிருப்பதே அதனினும் நன்று.

ஐந்தாவது டீசல். தாங்கி வெறுமையாயிருந்தால் அதனுள்ளே ஈரம் படிந்து நீராகும். பில்டரின் அடியிற் சேரும் நீரை அவ்வப்போது வடித்துவிடல் வேண்டும். இல்லையேல் விலைமிக்க பம்பும் இன்ஜெக்ரர்களும் பழுதாகும்.

நேயர்களே, இறுதியாக ஒன்று. கழித்த ஒயிலை வடிகாலில் ஊற்றினால் அது மழையோடு குடாவையே சேரும். வண்டி சுமக்கும் மீன் அக்குடாவில் வளர்வது. ஆதலாற் கழிவெண்ணெயைக் கலனில் அடைத்து, அதைச் சேகரிக்கும் இடத்திற் கொடுத்தல் கடமை. காலையிற் புறப்படுமுன் ஐந்து நிமிடம் மூடியைத் திறந்து பார்ப்பவர், மாலையில் வழியில் நிற்கமாட்டார்.