பணத்தோடு வந்தவரும் கையோடு வந்தவரும்

மலேசியாவில் குடியுரிமை விலைக்குக் கிடைக்காது. வசதி படைத்த வெளிநாட்டவர் பணம் கொண்டுவந்தால், இந்த நாடு அவருக்குத் தருவது நீண்ட காலம் தங்கும் அனுமதி மட்டுமே. ஓய்வுபெற்ற முதியவர்களுக்கென 1996இல் தொடங்கிய திட்டம் ஒன்று, 2002இல் ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ என்ற பெயரில் விரிந்தது. பெருந்தொற்றின்போது நிறுத்தப்பட்டு, 2021 அக்டோபரில் கடுமையான நிபந்தனைகளோடு திரும்பியது. 2024 ஜூனில் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என மூன்று படிகளாக மாற்றி அமைக்கப்பட்டது.

வெள்ளிப் படிக்கு ஒன்றரை லட்சம் அமெரிக்க டாலரை இங்குள்ள வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். 6 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாத வீடு வாங்க வேண்டும். 5 ஆண்டு தங்கலாம். தங்கப் படிக்கு 5 லட்சம் டாலரும் 10 லட்சம் ரிங்கிட் வீடும், 15 ஆண்டு. பிளாட்டினத்துக்கு 10 லட்சம் டாலரும் 20 லட்சம் ரிங்கிட் வீடும், 20 ஆண்டு. வாங்கிய வீட்டைப் பத்தாண்டுக்கு விற்க முடியாது. வைப்புத்தொகையில் பாதி வரை எடுத்து வீடு, மருத்துவம் போன்றவற்றுக்குச் செலவிடலாம். நிலம் மாநிலத்தின் அதிகாரம். ஆகவே வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்குச் சிலாங்கூர் மாநிலம் தனியே ஓர் அடிமட்ட விலை வைத்திருக்கிறது. அது வெள்ளிப் படியின் 6 லட்சத்தைவிட உயர்ந்தது. இந்தத் திட்டத்துக்குப் பக்கத்தில், 2022 அக்டோபர் முதல், இன்னும் பெரிய பணக்காரர்களுக்கான பிரீமியம் விசா ஒன்றும் உண்டு. அதற்குப் பங்கேற்புக் கட்டணம் மட்டுமே 2 லட்சம் ரிங்கிட்.

இந்த அனுமதி பெற்றவருக்கு வாக்குரிமை கிடையாது. குடிமக்களுக்கான நீல அடையாள அட்டையும் கிடையாது. குடியுரிமைக்கு வழி தனி. அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் விதிப்படி 12 ஆண்டில் 10 ஆண்டு நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். மலாய்மொழி போதிய அளவு தெரிந்திருக்க வேண்டும். இரட்டைக் குடியுரிமைக்கும் இங்கே இடமில்லை. தங்கும் அனுமதிக்கும் குடியுரிமைக்கும் நடுவிலான இந்த எல்லைக்கோடு நல்ல கோடு. செயின்ட் கிட்ஸ் தீவு 1984 முதல் முதலீட்டுக்குக் கடப்பிதழையே கொடுத்து வருகிறது. அதே வழியில் போன மால்டாவின் திட்டம் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2025 ஏப்ரல் 29இல் தீர்ப்பளித்தது. அதே மாதத்தில் ஸ்பெயின், வீடு வாங்கியவருக்கு வசிப்புரிமை தந்த தன் திட்டத்தை மூடியது. குடியுரிமையைக் கடைச்சரக்காக்காத வரை மலேசியா சரியான பக்கத்தில் நிற்கிறது.

வெளிநாட்டுப் பணம் வந்து இறங்குவது சிலாங்கூரின் தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர் வட்டாரத்துக்குப் புதிதல்ல. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோல சிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான் போடப்பட்டது. போட்டவர் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கொனியே. தம் மலாயா நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசை வென்றவரும் அவரே. மூலதனம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. காட்டை அழித்து, கன்று நட்டு, பால்மரம் சீவி, குலை வெட்டிய கைகள் தமிழ்நாட்டிலிருந்து வந்தன. பணம் போட்டவர்கள் ஊர் திரும்பினார்கள். கைகளோடு வந்தவர்கள் தோட்ட லயத்திலேயே பெற்று வளர்த்து, இந்த மண்ணிலேயே அடக்கமானார்கள்.

அவர்களுக்குக் குடியுரிமை எளிதில் வந்து சேரவில்லை. 1957இல் மெர்டேக்கா (விடுதலை) நாளிலும் அதற்குப் பிறகும் இங்கே பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள் ஆனார்கள். 1962இல் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. மெர்டேக்காவுக்கு முன் பிறந்தவர்கள் விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. மொழித் தேர்வு இல்லாமல் பதிந்துகொள்ள ஓராண்டு சலுகையும் இருந்தது. விடியுமுன் பிரட்டுக்கு (தோட்டத்தின் காலை ஆள்கணக்கு) போய்ப் பொழுது சாய வீடு திரும்பிய மக்கள் பலருக்கு அந்தச் செய்தியே எட்டவில்லை. மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்ட குடும்பங்களும் உண்டு. 1969க்குப் பின் நீல அட்டை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமானபோது, பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். எஞ்சியவர்களில் பலர் நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டையோடு கிழவர்களானார்கள். 2018இல், 60 வயதைக் கடந்த 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை தர அரசு ஒப்புக்கொண்டது. அறுபது ஆண்டு தாமதம் என்றாலும் அது நியாயமான முடிவு.

புதிய சிக்கலும் முளைத்திருக்கிறது. 2024 அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவை நிறைவேற்றிய அரசமைப்புத் திருத்தம், மலேசியத் தாய்மார் வெளிநாட்டில் பெற்ற பிள்ளைகளுக்குக் குடியுரிமை தருகிறது. அது வரவேற்க வேண்டிய நீதி. ஆனால் அதே திருத்தம், நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்கு இதுவரை இருந்த பிறப்புரிமையை எடுத்துவிடுகிறது. சிவப்பு அட்டை வைத்திருக்கும் தோட்டக் குடும்பத்தின் தலையில் விழும் அடி இது.

டாலரோடு வருபவருக்கு எவ்வளவு பணம், எத்தனை ஆண்டு, எந்த அமைச்சு என்பதெல்லாம் ஒரே தாளில் அச்சாகிக் கிடைக்கிறது. சிவப்பு அட்டைப் பாட்டியின் விண்ணப்பத்துக்கு அந்தத் தெளிவு இல்லை. குடியுரிமை விண்ணப்பத்தில் கூட்டரசு எடுக்கும் முடிவை எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்ய முடியாது என்று அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. நிராகரித்தால் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. தங்க வருபவருக்குக் கொடுக்கும் தெளிவை, இங்கேயே பிறந்து உழைத்தவருக்கும் அரசு கொடுத்தாக வேண்டும்: விண்ணப்பத்துக்குக் கால வரம்பு, மறுப்புக்கு எழுத்தில் காரணம்.

குடும்பங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. தாய் வெளிநாட்டவராக இருந்து திருமணமும் பதிவாகாவிட்டால், பிள்ளை தந்தையின் குடியுரிமையைப் பெற முடியாது. கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. 1982 மார்ச் முதல் பதிவு கட்டாயம். ஆகவே தாலி ஏறும் முன்னே பதிவுத் திருமணத்தை முடியுங்கள். பிள்ளை பிறந்த 60 நாளுக்குள் பதிவுத் துறைக்குப் போய்ப் பிறப்புப் பத்திரத்தை எடுத்துவிடுங்கள். வீட்டில் சிவப்பு அட்டையோடு ஒரு பெரியவர் இருந்தால், அவருடைய பழைய தோட்டச் சீட்டுகளையும் பள்ளிச் சான்றையும் தேடி எடுத்து, கையைப் பிடித்துக் கோல சிலாங்கூர் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள்.