சட்டைப்பையில் ஒரு கேமரா



படத்தைக் காட்ட வழியே இல்லாத வானொலியில் உட்கார்ந்துகொண்டு படம் எடுப்பதைப் பற்றிப் பேசுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடுகிற வேலை. இருந்தும் துணிந்து வந்ததற்குக் காரணம் எங்கள் தெருமுனை டீக்கடை.

போன மாதம் ஒருநாள் விடிகாலை. மாஸ்டர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். ஒரு முழ நீளத்துக்கு டீ அந்தரத்தில் நிற்கிறது. பின்னாலிருக்கும் மஞ்சள் பல்பு ஆவியைத் தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. என் பக்கத்தில் நின்றவருக்கும் அந்த அழகு கண்ணில் பட்டிருக்க வேண்டும், உடனே போனை எடுத்தார். அதில் ஏதோ செய்தி வந்திருந்தது. படித்தார், பதில் போட்டார், சிரித்தார். அவர் நிமிர்வதற்குள் மாஸ்டர் கிளாஸ் கழுவப் போய்விட்டார். என் சட்டைப்பையிலிருந்து வெளிவந்த சின்னக் கேமராவோ அதற்குள் நான்கு படங்களை எடுத்து முடித்திருந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை, அந்த நான்கில் மூன்று தேறவில்லை. அவை ஏன் தேறவில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

கைக்கு அடக்கமான கேமரா வேண்டும் என்ற ஆசை டிஜிட்டல் காலத்தில் முளைத்ததல்ல. ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்ற ஊரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கார் பர்னாக்குக்கு ஆஸ்துமா. கண்ணாடித் தகடுகளையும் மரப்பெட்டிக் கேமராவையும் முக்காலியையும் சுமந்துகொண்டு அலைய அவரால் முடியவில்லை. அதனால் சினிமா பிலிமைப் போட்டு எடுக்கிற மாதிரி சிறிய கேமரா ஒன்றைச் செய்து பார்த்தார். 1925ல் அது லைகா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. மூச்சிரைக்கிற ஒரு மனிதரின் சௌகரியத்துக்காகப் பிறந்த கருவி! 1948ல் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தைப் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் படம் பிடித்தது அந்த வம்சத்துக் கேமராவில்தான். நம் ஊரில் ஆக்பா கிளிக் 3 வைத்திருந்த வீடுகளில் உள்ளவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். ஒரு காதுகுத்தை அந்தப் பன்னிரண்டுக்குள் முடித்தாக வேண்டும்.

டிஜிட்டல் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். 1975ல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் செய்த முதல் மாதிரி 3.6 கிலோ எடை இருந்தது. ஒரு படத்தை கேசட் நாடாவில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. 1995ல் கேசியோ நிறுவனம் முதுகில் சின்னத் திரை வைத்த கேமராவை விற்றது. எடுத்ததை எடுத்த இடத்திலேயே பார்க்கும் பழக்கம் அதிலிருந்து பரவியது. 2010ல் லென்ஸ் நிலையாகப் பொருத்திய சிறு கேமராக்கள் உலகெங்கும் 10 கோடிக்கு மேல் கடைகளுக்குப் போனதாக ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கு சொல்கிறது. அதே சங்கத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்கில் அந்த எண்ணிக்கை 20 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. போன் தின்றுவிட்டது.

தின்றது நியாயம் என்பதுதான் என் கட்சி. அன்றைக்கு விற்ற கேமராக்களில் பாதிக்கு மேல் சாகத் தகுதியானவை. அப்படி ஒன்றுக்கு நானும் பணம் கொடுத்தேன். 2011ல் ஒரு கடையில் “சார், பதினாறு மெகாபிக்சல்” என்று தலையில் கட்டினார்கள். பகல் வெளிச்சத்தில் பரவாயில்லை. தங்கை மகள் நிச்சயதார்த்தத்தன்று இரவு மண்டபத்தில் எடுத்த படங்களில் எல்லார் முகத்திலும் ரவையைத் தூவிவிட்ட மாதிரி புள்ளிகள். விவரம் தெரிந்த ஸ்டுடியோக்காரர் ஒருவர் பிறகு விளக்கினார். ஒளியை வாங்குகிற சில்லை சென்சார் என்பார்கள். என் கேமராவில் அது துவரம்பருப்பு அளவுதான், 6 மில்லிமீட்டருக்கு நாலரை மில்லிமீட்டர். அந்தப் பருப்பைப் பதினாறு மெகாபிக்சலாக, அதாவது ஒரு கோடியே அறுபது லட்சம் கட்டமாகக் கூறு போட்டால் ஒரு கட்டத்துக்கு எவ்வளவு வெளிச்சம் கிடைக்கும்? பந்தியில் ஆளுக்கு ஒரு பருக்கை பரிமாறின கணக்கு.

ஆகையால் சிறு கேமரா வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது மெகாபிக்சலை அல்ல, சென்சார் எத்தனை பெரியது என்பதை. 2009ல் கேனன் நிறுவனமே இந்த மெகாபிக்சல் பந்தயத்தில் ஓர் அடி பின்வாங்கியது. முந்தைய ஜி10 மாடலில் 14.7 மெகாபிக்சல் வைத்தவர்கள் ஜி11, எஸ்90 இரண்டிலும் 10 மெகாபிக்சலுக்கு இறங்கினார்கள். படம் கெடவில்லை, இரவுப் படங்கள் தேறின. 2012ல் சோனியின் ஆர்எக்ஸ்100 வந்தது. மொச்சைக்கொட்டை அளவு சென்சாரை 240 கிராம் கேமராவுக்குள் திணித்துக் காட்டியது. அந்தச் சென்சாருக்கு ஒரு இன்ச் என்று பெயர். அளந்து பார்த்தால் எந்தப் பக்கமும் ஒரு இன்ச் வராது, குறுக்கே 16 மில்லிமீட்டர்தான் இருக்கும். பழைய டிவி கேமராவின் கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்து அளந்த காலத்துப் பெயர் அது, இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கும் மேலே, சிறிய தபால்தலை அளவு சென்சாரோடு ரிக்கோ ஜிஆர், பியூஜி எக்ஸ்100 வரிசைகள் இருக்கின்றன.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்றைய விலையுயர்ந்த போன்களில் இருக்கும் சென்சார் அந்தத் துவரம்பருப்பைவிடப் பெரியது. நல்ல போன் வைத்திருப்பவர், குறைந்த விலையில் புதிதாக விற்கிற சின்னக் கேமராவை வாங்கினால் பணம் தண்டம். ஒன்று, மொச்சைக்கொட்டைக்குக் குறையாமல் வாங்குங்கள். இல்லை, வாங்காமல் இருந்துவிடுங்கள். கை மாறிய கேமராவாக இருந்தாலும் குற்றமில்லை. நான் வைத்திருக்கும் ரிக்கோ ஜிஆர்3 கூட இன்னொருவர் கையிலிருந்து வந்ததுதான். பழையது வாங்கும்போது பத்து முறை ஆன், ஆஃப் செய்து லென்ஸ் தடுமாறாமல் வெளியே வருகிறதா என்று பாருங்கள். வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்து அதில் கரும்புள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

என் கேமராவை நான் காதலிக்கிறேன் என்று வீட்டில் புகார் உண்டு. அதனால் அதன் குறைகளை முதலில் சொல்கிறேன். ஜூம் கிடையாது. பிளாஷ் கிடையாது. கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரம் இல்லை, நடுப்பகல் வெயிலில் திரை தெரியாமல் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு பேட்டரிக்கு 200 படம், அவ்வளவுதான், அதனால் பையில் இன்னொரு பேட்டரி. உள்ளே தூசி புகும் என்ற குற்றச்சாட்டும் உண்டு. பிறகு எதற்கு இது? பேட்டரியோடு 257 கிராம், சட்டைப்பையில் இருப்பதே தெரியாது. பொத்தானை அமுக்கினால் ஒரு விநாடிக்குள் தயார். ஒரு கையால் எல்லாம் எட்டும். ஜப்பானில் மோரியாமா டைடோ என்ற புகைப்படக்காரர் இந்த வரிசைக் கேமராக்களோடுதான் ஷின்ஜுகு தெருக்களில் பல காலமாக அலைந்து படம் எடுத்துவந்திருக்கிறார். ஜூம் இல்லாதது முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. இரண்டாவது மாதம் கால்கள் கற்றுக்கொண்டன. எவ்வளவு தள்ளி நின்றால் எது படத்துக்குள் வரும் என்பது கேமராவை எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. ஆனால் இது அகலமாகப் பார்க்கிற லென்ஸ். குழந்தையின் முகத்துக்குக் கிட்டே போனால் மூக்கு கொழுக்கட்டையாகிவிடும். முகங்களே உங்கள் விருப்பம் என்றால் இதே வரிசையில் ஜிஆர்3எக்ஸ் பொருந்தும். பேரப்பிள்ளை ஓட்டப்பந்தயம் ஓடுவதைத் தூரத்திலிருந்து எடுக்க வேண்டுமென்றால் ஜூம் உள்ள சோனி பக்கம் போங்கள்.

இப்போது டீக்கடைக்குத் திரும்புவோம். மூன்று படங்கள் ஏன் தேறவில்லை?

முதல் படத்தில் ஆவியே இல்லை. கேமராவுக்கு ஒரு மூடநம்பிக்கை உண்டு. உலகம் மொத்தமும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று அது நம்புகிறது. இருட்டுக் கடையைக் காட்டினால் ‘அடடா, இருட்டாக இருக்கிறதே’ என்று எல்லாவற்றையும் வெளுத்துவிடும். பல்பும் ஆவியும் ஒரே வெள்ளையாகக் கரைந்துபோயின. இதே மூடநம்பிக்கையால்தான் கல்யாணப் பந்தியில் வெள்ளை வேட்டிகள் அழுக்காகத் தெரிகின்றன. இதற்கென்று எல்லா நல்ல கேமராவிலும் பிளஸ், மைனஸ் என்று ஒரு பொத்தானோ சக்கரமோ இருக்கிறது. படம் முழுக்கக் கருமை என்றால் மைனஸ். கோயிலின் கருங்கல் மண்டபம் அந்த வகை. படம் முழுக்க வெள்ளை என்றாலோ, வெளுத்த வானத்தின் முன்னால் நம் நிறத்து மனிதர் நின்றாலோ பிளஸ். கேமராவில் ஐம்பது வசதி இருக்கலாம். இந்த ஒன்றை மட்டும் விரல் பார்க்காமலே தேடிப் பிடிக்கப் பழகிவிட்டால் போதும், மற்ற நாற்பத்தொன்பதும் மெல்ல வரட்டும்.

இரண்டாவது படத்தில் மைனஸ் வைத்துவிட்டேன், வெளிச்சம் சரி. ஆனால் துல்லியமாக விழுந்தது மாஸ்டர் அல்ல, அவருக்குப் பின்னால் இருந்த பிஸ்கட் பாட்டில்கள். கேமரா தானாகக் குவியத்தைத் தேடும்போது பளிச்சென்று எது இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவதில் அதைத் திருத்துவதற்குள் டீ கீழே இறங்கிவிட்டது, வெறும் கை மட்டும் மேலே தூக்கியபடி இருந்தது. நான்காவதற்கு முன்பு கேமராவைத் தேட விடாமல் தூரத்தை இரண்டு மீட்டர் என்று நானே பூட்டிவைத்தேன். மாஸ்டர் அடுத்த முறை கையை உயர்த்தும்வரை காத்திருந்தேன். ரிக்கோவில் பொத்தானை ஒரே அமுக்காக அமுக்கினால் முன்பே சொல்லிவைத்த தூரத்தில் சட்டென்று எடுத்துவிடும். வெயிலில் துளையைச் சுருக்கி, அதாவது எப்8 வைத்து, தூரத்தை 2.5 மீட்டரில் நிறுத்தினால் சுமார் ஒன்றேகால் மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம்வரை எல்லாம் துலக்கமாக விழும். சந்தையிலும் தேரோட்டத்திலும் இந்த ஏற்பாட்டை மிஞ்ச எதுவும் இல்லை.

இந்த வசதி இல்லாத கேமராவா? பொத்தானைப் பாதி அமுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள், குவியம் பூட்டிக்கொள்ளும். கணம் வந்ததும் மீதிப் பாதியை அமுக்குங்கள். ‘நான் அமுக்கியபின் கேமரா தாமதமாக எடுக்கிறது’ என்று புலம்புகிறவர்களில் பலர் இந்தப் பாதி அமுக்கலை அறியாதவர்கள். மேக்னம் என்ற புகைப்படக்காரர்கள் கூட்டமைப்பைச் சேர்ந்த அலெக்ஸ் மயோலி, ஒலிம்பஸ் சி5050 என்ற ஐந்து மெகாபிக்சல் சிறு கேமராக்களை வைத்துக்கொண்டு இராக்கிலும் காங்கோவிலும் வேலை செய்தவர். ஆமைவேகக் கேமரா அது. கருவியின் சோம்பலைத் தெரிந்துவைத்துக்கொண்டு, அதற்கு முன்பாகவே தான் தயாராக நின்றால் படம் கிடைக்கும் என்பதற்கு அவரைவிடச் சான்று வேண்டாம்.

பராமரிப்பு பற்றி இரண்டு வார்த்தை. நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை படரும். மாதக்கணக்கில் எடுக்காமல் பீரோவில் துணிகளுக்கு நடுவே பூட்டிவைப்பதுதான் அதற்கு வரவேற்பு. மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அதைவிட நல்லது, தினமும் எடுங்கள். மெரினா மணலில் நீளும் லென்ஸ் கேமராவை வைத்துவிடாதீர்கள், ஒரு மணல் துகள் போதும், லென்ஸ் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. ஏசி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் லென்ஸ் வேர்க்கும். துடைக்காமல் பத்து நிமிடம் பொறுங்கள்.

எடுத்த படத்தை பிரிண்ட் போடுங்கள் என்றும் கேட்டுக்கொள்வேன். ஆல்பத்தில் ஒட்டுகிற ஆறுக்கு நாலு அளவுக்கு இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று மேல் இருந்தால் போதும், ஏ4 அளவுக்கு ஒன்பது. அதற்கு மேல் எல்லாம் வீட்டுச் சுவரை முழுதாக மறைக்க நினைப்பவர்களுக்கு. டீ மாஸ்டருக்கு அந்த நான்காவது படத்தை ஆறுக்கு நாலில் போட்டுக் கொடுத்தேன். முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். “தொப்பை தெரியுதே சார்” என்பதுதான் அவருடைய விமர்சனம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களில் எத்தனையோ பேர் வீட்டு பீரோவில் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய சிறு கேமரா ஒன்று கிடக்கும். புதிது வாங்கக் கிளம்பும் முன் அதை எடுத்துத் தூசி தட்டி, சார்ஜ் போட்டு, ஒரு வாரம் கூடவே வைத்திருந்து பாருங்கள். உள்ளே இருக்கும் மெமரி கார்டையும் அழித்துவிடாதீர்கள், முதலில் அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் சார்ஜரில் போடவே கூடாது. குப்பையிலும் எறிய வேண்டாம், மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடுங்கள்.