மாதுங்கா வீடுகளும் நம் வரவு செலவும்



மாதுங்காவில் வாழும் நமக்குக் கட்டடங்களைப் பற்றிப் பேசுவது குடும்பக் கதையைப் பேசுவதே ஆகும். 1896இல் இந்நகரைப் பிளேக் நோய் தாக்கியது. அதன் விளைவாக 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்டு தோன்றிற்று. அது வகுத்த தாதர், மாதுங்கா மனைகளில் பின்னர் எழுந்த மாடி வீடுகளிலேதான் நம் முன்னோர் பலர் குடியேறினர். வளைந்த பால்கனிகளும் நல்ல காற்றோட்டமும் உடைய அவ்வீடுகள் இன்று ஒவ்வொன்றாக இடிபட்டு வருகின்றன.

இதற்கு உரிமையாளரை மட்டும் குறை கூறுதல் நேர்மையன்று. 1947ஆம் ஆண்டுச் சட்டம் வாடகையை 1940ஆம் ஆண்டின் அளவிலேயே நிறுத்திவைத்தது. 'பகடி' என்றால் தமிழில் கேலி. பகடி கொடுத்துக் குடியேறிய நாம் செலுத்தும் வாடகையும் ஏறக்குறையக் கேலிதான்! அத்தொகையைக் கொண்டு ஒழுகும் குழாயை மாற்றுவதும் அரிது. 1969இல் அரசு செஸ் வரி விதித்தது; பழுதுபார்ப்பு வாரியமும் அமைத்தது; அதுவும் போதவில்லை. இடித்துக் கட்டுவதே இலாபம் என்றாயிற்று.

ஆயினும் வேறொரு கணக்கும் உண்டு. 1993இல் மூடப்பட்ட ராயல் ஆப்பரா ஹவுஸ், புதுப்பிக்கப்பெற்று 2016இல் மீண்டும் திறக்கப்பட்டது. கோட்டைப் பகுதியின் கோதிக் மாளிகைகளும் மரைன் டிரைவின் ஆர்ட் டெகோ வீடுகளும் 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. அவற்றைக் காண வருவோர் உண்பதும் வாங்குவதும் அக்கம்பக்கத்துக் கடைகளுக்கு வருவாய் அன்றோ? புதுக் கட்டடத்தில் பணத்தின் கணிசமான பங்கு சிமெண்டுக்கும் எஃகுக்கும் செல்லும். பழுதுபார்க்கும் பணியிலோ அது கொத்தனாருக்கும் தச்சருக்கும் கூலியாகச் சேரும்.

இலவசமாகப் புது வீடு கிடைக்கிறதே என்பர். கிடைக்கிறது, ஆனால் லிப்டு, பம்பு, காவல் எனப் பராமரிப்புக் கட்டணமும் உடன் வருகிறது. ஓய்வூதியத்தில் வாழும் முதியோர் அதைத் தாங்கமாட்டாமல் வீட்டை விற்றுவிட்டுத் தொலைதூரம் போய்விடுகின்றனர். கீழ்த்தளத்து மெஸ்ஸும் வாயிலோரப் பூக்கடையும் அந்த வாடிக்கையாளரை நம்பி இருந்தவையல்லவா?

ஆகையால் கையெழுத்துக் கேட்டு வருவோரிடம் வீட்டின் பரப்பை மட்டும் வினவாமல், மாதக் கட்டணத்தையும் எழுத்தில் கேட்போம். அதற்கு முன், இருக்கும் கட்டடத்தைச் செப்பனிட வீட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று ஒரு பொறியாளரிடம் மதிப்பீடு பெறுவோம். அச்செலவில் ஒரு பங்கை நாமே ஏற்கவும் முன்வருதல் வேண்டும். இவ்வளவு குறைந்த வாடகையில் இத்தனை காலம் இருந்தவர்கள் நாம்தானே!